ஆண் எலி ஈரலும் பெண் எலி ஈரலும், நடுவில் ஒரு பழைய மைக்குரோட்டோமும்

தோழி ஒருத்தியின் பட்ட மேற்படிப்பு ஆய்வுக்காகச் சுண்டெலி ஈரல்களை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, படமெடுத்து, அளந்து கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளன், இருப்பு திருகோணமலை. உப்புக் காற்று, கச்சான் வெக்கை, வயதான இயந்திரம் என்று இதே வசதிகளோடு வேலை செய்கிற யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

எலிகளை நான் தொடவில்லை. அந்தப் பகுதி மலைநாட்டுப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ஏற்கெனவே முடிந்துவிட்டது. எனக்கு வந்தவை போமலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த கட்டிகள் மட்டும். கண்டி பஸ்ஸில், ரெஜிபோம் பெட்டிக்குள், பழைய பேப்பர் சுற்றி வந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஓர் இலக்கம். எது ஆண், எது பெண், எதற்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்ற விவரம் அவளுடைய கொப்பியில் இருந்தது. "அண்ணை, நீங்கள் கேட்டாலும் சொல்லமாட்டன், கோவிக்காதையுங்கோ" என்றாள். இதில் கோபிக்க என்ன இருக்கிறது? அளக்கிறவனுக்கு விடை தெரிந்திருந்தால், கண் தானாகவே விடைப் பக்கம் சாயும்.

விஷயம் இதுதான். பரசிட்டமோலை மிகையாகக் கொடுத்தால் சுண்டெலியின் ஈரல் பழுதாகும். மனித ஈரல் பழுதாவதும் கிட்டத்தட்ட அதே வழியில்தான். பெரிய வெள்ளை எலி இந்த மருந்துக்கு இலேசில் மசியாது, அதனால் சுண்டெலியைத் தேடுகிறார்கள். வழக்கமான முறை, இரவு முழுக்கப் பட்டினி போட்டு, உடல் நிறையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் வீதம் வயிற்றறைக்குள் ஊசி போடுவது. ஒரே இனம், ஒரே வயது, ஒரே அளவு. ஆனாலும் ஆணின் ஈரல் மோசமாக அடிபடும். பெண்ணின் ஈரல் அவ்வளவுக்கு அடிபடாது.

பரசிட்டமோலோடு இது நிற்பதில்லை. டைஎதைல்நைத்திரோசமீன் என்ற நஞ்சை இரண்டு வாரக் குட்டிக்கு ஒரே ஒரு தடவை ஊசி போட்டு வளரவிட்டால், ஆண்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஈரல் புற்றுநோய் வருகிறது. பெண்களில் 10 முதல் 30 சதவீதத்துக்குத்தான். ஈரலில் உள்ள குப்ஃபர் கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞையைச் சுரப்பதைப் பெண் ஓமோனான ஈஸ்திரசன் அடக்குகிறது, அதுதான் பெண்ணைக் காக்கிறது என்று 2007இல் காட்டினார்கள். மதுசாரத்துக்கு வந்தால் கதை தலைகீழ். அங்கே சீக்கிரம் விழுவது பெண். ஆகவே "பெண் ஈரல் உறுதியானது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. எந்த நஞ்சு, எந்த வழி, எந்த நேரம் என்று பிரித்துப் பார்த்தால்தான் பேச்சு.

சரி, என் மேசைக்கு வருவோம்.

இந்த வேலையில் எனக்கு இருந்த ஒரே கவலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் அது ஈரலிலிருந்து வரவேண்டும், என் மேசையிலிருந்து வரக்கூடாது என்பது. கீழே எழுதியிருக்கிற திருத்த வேலைகள் எல்லாம் இந்த ஒரு கவலையில் செய்தவை.

இழையத்தைச் சீவும் இயந்திரமான மைக்குரோட்டோம், கைச்சக்கரம் வைத்த பழைய இரும்புச் சாமான். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் மெழுகுக் கட்டி ஒரு தடவை ஏறி இறங்கும். இறங்கும்போது பிளேட் ஒரு சீவல் எடுக்கும். அடுத்த இறக்கத்துக்கு முன் உள்ளே இருக்கும் பற்சக்கரம் கட்டியை நாம் வைத்த அளவுக்கு முன்னே தள்ளிவிடும். ஈரலுக்கு நான் வைப்பது 5 மைக்கிரோமீற்றர். ஈரல் கலம் ஒன்றின் விட்டமே 20 முதல் 30 மைக்கிரோமீற்றர் வரும், அப்படியென்றால் ஒரு கலத்திலேயே நாலைந்து சீவல் எடுக்கிறோம். இயந்திரம் தள்ளாடினால் இந்த அளவில் ஒளிக்க இடமில்லை.

எங்கள் இயந்திரம் நன்றாகவே தள்ளாடியது. ஒரு சீவல் தடிப்பு, அடுத்தது மெல்லிசு, அடுத்தது வெட்டவே வெட்டாது, அதற்கடுத்தது இரட்டைத் தடிப்பு. வழக்கமான வேலையென்றால் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விடலாம். இங்கே அது சரிவராது. தடித்த சீவலில் சாயம் கூடுதலாக ஏறும், கலக்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், செத்த இடம்கூட அடர்த்தியாக, உயிரோடு இருப்பதுபோலக் காட்டும். ஆணின் கட்டி மெல்லிசாகவும் பெண்ணின் கட்டி தடிப்பாகவும் விழுந்தால் போதும், மைக்குரோட்டோமின் வருத்தத்தை எலியின் பால் வேறுபாடு என்று எழுதி அனுப்பிவிடுவோம்.

இப்படிப்பட்ட கோளாறுக்கு முதலில் இலேசான காரணங்களைப் பார்க்கவேண்டும். பிளேட்டைப் பிடிக்கும் இடுக்கி இறுக்கமாக இருக்கிறதா? கட்டியைப் பிடிக்கும் தலை ஆடுகிறதா? பிளேட்டின் சரிவு சரியா? சரிவு போதாமல் இருந்தால் பிளேட்டின் முதுகு கட்டியில் அமுங்கும். அமுக்குப்பட்ட மெழுகு இந்தச் சுற்றில் வெட்டுப்படாமல் தப்பி, மீண்டு வந்து, அடுத்த சுற்றில் இரட்டையாக வெட்டுப்படும். எல்லாவற்றையும் இறுக்கி, சரிவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்தேன். கொஞ்சம் திருந்தியது. ஆனால் இடைக்கிடை ஒரு சுற்று வெறுமையாகப் போவது நிற்கவில்லை. அப்படியானால் நோய் உள்ளே.

மூடியைக் கழற்றுமுன் இரண்டு காரியம் செய்துவிட வேண்டும். பிளேட்டைக் கழற்றித் தனியே வைக்கவேண்டும், கைச்சக்கரத்தைப் பூட்டவேண்டும். இந்த பிளேட் விரலைத் தொட்டால் முதலில் வலி தெரியாது, இரத்தம்தான் தெரியும்.

உள்ளே யாரோ எந்தக் காலத்திலோ பூசிய கிறீஸ், மண்ணிறப் பிசினாகக் காய்ந்து கிடந்தது. கடல் காற்றில் துருவும் கலந்து, வழுக்கவேண்டிய தண்டவாளம் இழுத்து இழுத்துப் போனது. மண்ணெண்ணெயில் பழைய பற்தூரிகையை நனைத்துத் தேய்த்து, நூல் வராத துணியால் துடைத்து, திரும்பத் திரும்ப அதையே செய்தேன். தண்டவாளம் சுத்தமானதும் சக்கரம் பஞ்சாகச் சுற்றியது. வெறுஞ்சுற்று மட்டும் அப்படியே இருந்தது.

பற்சக்கரத்தின் பல்தான் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, அந்தப் பகுதியை மட்டும் கழற்றிக்கொண்டு பட்டணத்தில் தையல் மெசின் திருத்தும் ஐயா ஒருவரிடம் போனேன். மைக்குரோட்டோமை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பற்சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டு போனார்.

"தம்பி, பல்லுத் தேயேல்லை. இந்த நாக்குத்தான் ஒழுங்கா விழுகுதில்லை. ஸ்பிரிங் செத்துப்போச்சு."

நாக்கு என்று அவர் சொன்னது, பல்லுக்குள் விழுந்து சக்கரத்தைத் தள்ளிவிடும் சின்னக் கொக்கியை. அதை அமுக்கிப்பிடிக்கும் சுருள் சோர்ந்துபோய், சில சுற்றுகளில் கொக்கி பல்லின் மேலாக வழுக்கிப் போயிருக்கிறது. தன் டப்பாவைக் கிளறி, அதே தடிப்பில் ஒரு சுருளை எடுத்து, வெட்டி, நுனியை வளைத்துப் போட்டுத் தந்தார். எண்ணெய்க்கும் அவரிடம்தான் யோசனை கேட்டேன். கிறீஸ் வேண்டாம், தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் துடைத்துவிட்டுப் போடு, கூடப் போட்டால் தூசியும் உப்பும் ஒட்டிக்கொண்டு மறுபடி பிசினாகும் என்றார். கூலியை விடச் சுருளின் விலை குறைவு. இரண்டும் சேர்ந்து ஒரு பெட்டி பிளேட்டின் விலைக்குக் கிட்டவும் வரவில்லை.

திருத்தியதைச் சோதிக்க இழையம் தேவையில்லை. வெறும் மெழுகுக் கட்டியைப் பொருத்தி, அதன் உயரத்தை வேணியர் இடுக்கியால் அளந்துகொண்டு, 5 மைக்கிரோமீற்றரில் 200 சுற்று வெட்டவேண்டும். கணக்குப்படி கட்டி சரியாக 1 மில்லிமீற்றர் குறையவேண்டும். குறைந்தது. ஆனால் இந்தச் சோதனை மொத்தத்தைத்தான் சொல்லும். இரட்டைத் தடிப்பும் வெறுஞ்சுற்றும் ஒன்றையொன்று ஈடுசெய்தாலும் கூட்டுத்தொகை சரியாகவே வரும். ஆகவே சீவல் நாடாவைக் கறுப்புத் துணிமேல் நீளமாகப் போட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரே மங்கல், ஒரே பளபளப்பு, இடையில் வெள்ளைப் பட்டை இல்லை. இதைப் பார்த்த பிறகுதான் அவளுடைய கட்டிகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

அடுத்த தொல்லை வெக்கை. பதிக்கும் மெழுகு 56 பாகையில் உருகுவது. கச்சான் வீசுகிற மத்தியானத்தில் எங்கள் அறை இருக்கும் சூட்டில் அது உருகாவிட்டாலும் இளகிப்போகும். சீவல் சுருங்கி, சுருண்டு, பிளேட்டிலேயே அப்பிக்கொள்ளும். விடியற்காலையில் வெட்டுவது ஒரு வழி. இன்னொரு வழி ஐஸ். திருகோணமலையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, மீன் விற்கிற இடத்தில் கேட்டால் உடைத்தே தருவார்கள். கட்டியின் முகத்தை ஐஸ் தண்ணீரில் நனைத்த பஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தால் மெழுகு இறுகும், இழையமும் கொஞ்சம் ஈரம் குடித்து மென்மையாகும். ஈரலுக்கு இந்த ஈரம் முக்கியம். அற்ககோலில் கூடுதல் நேரம் இருந்த ஈரல் மொறுமொறுப்பாகி, வெட்டும்போது படிக்கட்டுப் படிக்கட்டாக வெடிக்கும். அளவு தெரிந்து ஊறவைக்க வேண்டும், மிஞ்சினால் முகம் உப்பிக்கொள்ளும். ஆய்வுகூடம் முழுக்கச் சூரை மீன் மணந்தது என்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஐஸ் வேறு, மணம் வேறு என்று சொல்லி ஆளைச் சமாளித்தேன்.

சீவலைச் சுருக்கம் எடுக்க மிதக்கவிடும் தண்ணீர் 42, 43 பாகையில் இருக்கவேண்டும். அதற்கென்று விற்கிற தொட்டி எங்களிடம் இல்லை. உட்புறம் கறுப்பாக இருக்கிற கேக் தட்டில் கேத்தில் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் கலந்து, வெப்பமானியை உள்ளே போட்டுவைத்து, ஆற ஆறச் சூடு சேர்த்துக்கொண்டேன். தட்டைத் தூக்கிக்கொண்டு கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் போய் உட்கார்ந்தால் கேத்தில் செலவு மிச்சம் என்று ஒரு பெடியன் சொன்னான். நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடி வழுக்கியில் சீவல் ஒட்டுவதற்கு முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும் சம அளவு கலந்து வடித்த பழைய முறைதான். இன்றைக்கும் அதை அடிக்க ஒன்றுமில்லை.

சாயமேற்றும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுதான். ஒரே றாக்கில் எல்லாரும் கலந்து போகவேண்டும். இன்றைக்கு ஒரு கூட்டம், நாளைக்கு இன்னொரு கூட்டம் என்று போனால் இயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயம் ஒரு நாள் கூட, ஒரு நாள் குறையப் பிடிக்கும், அந்த வேறுபாடு கடைசிவரை கூடவே வரும். எனக்கு ஆண் பெண் தெரியாததால், இலக்கங்களைத் துண்டில் எழுதிக் குலுக்கிப்போட்டு றாக்கை நிரப்பினேன். கலக்கருவுக்கு நிறமேற்றும் ஹெமற்றொக்சிலின் சாயத்தில் இருந்து எடுத்தபின் கலக்கரு சிவப்பு ஊதாவாகத்தான் இருக்கும். கொஞ்சம் காரத்தன்மையுள்ள தண்ணீரில் கழுவினால்தான் நீலம் வரும். வடித்த தண்ணீரில் மணிக்கணக்காக நின்று பார்த்தவர்கள் இருப்பார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், கேத்திலில் சுண்ணாம்பு படிய விடுகிற தண்ணீர். அதில் கழுவக் கழுவக் கண்ணுக்கு முன்னாலேயே நீலம் ஏறியது. வருடக்கணக்காக நான் திட்டிய தண்ணீர் இது.

படமெடுக்கத் தனிக் கமரா இல்லை. கைபேசியை நுணுக்குக்காட்டியின் கண்வில்லைமேல் ஆடாமல் நிறுத்த, பீவீசீ குழாய் மூடி ஒன்றை உட்புறம் அராவி, கண்வில்லைமேல் இறுக்கமாக உட்காரும்படி செய்து, நடுவில் துளை போட்டு, பழைய கைபேசி உறையை அதன்மேல் ஒட்டினேன். இதைவிட முக்கியம் கைபேசியின் கெட்டித்தனத்தை நிறுத்துவது. ஒவ்வொரு படத்துக்கும் அது தானாக வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும். செத்த இடம் வெளிறி இருந்தால், பாவம் என்று பார்த்து அதைச் சிவப்பாக்கித் தரும். வெளிச்சம், வெண்மைச் சமநிலை இரண்டையும் கையால் பூட்டிவிட்டுத்தான் எடுக்கவேண்டும். அளவுகோலுக்குக் குருதிக்கல எண்ணும் நியூபாயர் கண்ணாடி போதும். அதன் மிகச் சிறிய சதுரத்தின் பக்கம் 50 மைக்கிரோமீற்றர். அதை ஒரு படம் எடுத்துவைத்தால் மற்ற எல்லாப் படத்துக்கும் அதுவே அடிமட்டம்.

அளக்கப் பயன்படுத்தியது இமேஜ்ஜே, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேன் ராஸ்பாண்ட் எழுதிய இலவச மென்பொருள். நிறத்தை வைத்துத் தானாகவே நசிவுப் பரப்பை, அதாவது கலங்கள் செத்த இடத்தை, பிரிக்கலாம் என்று ஆசைப்பட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை. நசிந்த இடம் வெளிறிய இளஞ்சிவப்பு, ஆனால் அதற்குள்ளேயே இரத்தம் கசிந்து கடுஞ்சிவப்பாகவும் இருக்கும், பக்கத்தில் நல்ல கலத்தின் உடலும் இளஞ்சிவப்புத்தான். ஆகவே பழைய முறைக்குத் திரும்பினேன். படத்தின்மேல் சதுரக் கட்டம் விரித்து, கோடுகள் வெட்டும் ஒவ்வொரு புள்ளியும் நசிவில் விழுகிறதா, நல்ல இழையத்தில் விழுகிறதா, நாளத்தின் வெற்றிடத்தில் விழுகிறதா என்று எண்ணுவது. வெற்றிடத்தைக் கழித்து, மிச்சத்தில் நசிவின் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது. அலுப்பான வேலை, ஆனால் நம்பலாம். எந்தப் புலத்தை, அதாவது வழுக்கியின் எந்தப் பகுதியை, படமெடுப்பது என்பதிலும் கண்ணுக்கு இடம் கொடுக்கவில்லை. ஓரத்திலிருந்து தொடங்கி, குறித்த இடைவெளிக்கு ஒன்று, அவ்வளவுதான். அழகான புலம், பயங்கரமான புலம் என்று தேடினால் ஆய்வுக்குப் பதிலாகப் படக்கண்காட்சிதான் வரும்.

இப்போது கண்ட காட்சி. ஈரலைக் குறுக்காகச் சீவிப் பார்த்தால் சிறுசோணை என்ற சின்னச் சின்ன அறுகோண அலகுகளாகத் தெரியும். நடுவில் மைய நாளம், மூலைகளில் வாயினாளக் கிளையும் நாடியும் பித்தக் கானும் சேர்ந்த கூட்டு. பரசிட்டமோல் எப்போதும் மைய நாளத்தைச் சுற்றித்தான் கொல்லும், மூலைகள் தப்பிவிடும். காரணம், அந்த மருந்தை நஞ்சாக மாற்றும் சிப்-2ஈ1 என்ற நொதியம் மையத்தைச் சுற்றியுள்ள கலங்களில்தான் செறிந்திருக்கிறது. அங்கே ஒக்சிசனும் குறைவு, நஞ்சைப் பிடித்துக் கலத்தைப் பாதுகாக்கிற குளுற்றதயோன் என்ற பொருளும் குறைவு. சில வழுக்கிகளில் இந்த வளையங்கள் அகன்று, பக்கத்துச் சிறுசோணையின் வளையத்தோடு பாலம் போட்டுச் சேர்ந்திருந்தன. கலங்களின் உருவம் மட்டும் நிற்கிறது, கரு கரைந்துபோய் விட்டது. வேறு சில வழுக்கிகளில் நாளத்தைச் சுற்றி இரண்டு மூன்று கல வரிசை மட்டும் செத்து, அதற்கு வெளியே நீர்க்கொப்புளம்போல வீங்கிய கலங்கள் ஒரு வரிசை, அதற்கப்பால் சுத்தமான ஈரல்.

எண்களை அனுப்பியபின் அவள் கொப்பியைத் திறந்தாள். பாலம் போட்டவை பெரும்பாலும் ஆண்கள். ஒடுங்கிய வளையத்தோடு நின்றவை பெண்கள். இரண்டு பக்கமும் விலகி நின்ற எலிகளும் இருந்தன. உப்புநீர் கொடுத்த எலிகள் எல்லாமே ஆண் பெண் வித்தியாசம் சொல்லமுடியாத நல்ல ஈரல்கள். எண்கள் அவளுடைய ஆய்வறிக்கைக்குரியவை, நான் இங்கே எழுதுவது முறையல்ல.

ஏன் இப்படி என்று கேட்டால் என் வழுக்கிகள் வாய் திறக்காது. நான் பார்ப்பது 24 மணி நேரம் கழிந்த ஈரலை, எல்லாம் முடிந்தபிறகு. சண்டை நடந்தது முதல் சில மணி நேரத்தில். பரசிட்டமோலில் ஒரு பங்கு சிப்-2ஈ1இன் கையில் அகப்பட்டு, நாப்கி என்று சுருக்கிச் சொல்லும் நஞ்சாகிறது. குளுற்றதயோன் ஓடிவந்து அதைப் பிடித்துக்கொள்ளும். மருந்து மிகையானால் முதல் மணி நேரத்துக்குள்ளேயே குளுற்றதயோன் கையிருப்புத் தீர்ந்துவிடும். மிஞ்சிய நாப்கி, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளின் புரதங்களில் போய் ஒட்டும். ஜேஎன்கே என்ற நொதியம் விழித்துக்கொண்டு இழைமணியில் போய்ச் சேர்ந்து நிலைமையை இன்னும் கெடுக்கும். இழைமணி செத்தால் கலம் சாகும்.

பெண் எலியில் நஞ்சு உண்டாவதே குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 2014இல் செய்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. புரதத்தில் ஒட்டிய நஞ்சு இரு பாலிலும் ஒத்தே இருந்தது, குளுற்றதயோன் தீர்ந்ததும் இரு பாலிலும்தான். வித்தியாசம் அதற்குப் பிறகு. பெண்ணின் இழைமணிகளில் குளுற்றதயோன் வேகமாகத் திரும்பி நிரம்பியது, ஜேஎன்கே அவ்வளவுக்கு விழிக்கவில்லை. அதாவது அடி இருவருக்கும் விழுகிறது, எழும்பும் வேகத்தில்தான் வித்தியாசம். என் மேசைக்கு வருகிற வழுக்கியில் அந்த வேகம் தெரியாது, அதன் முடிவு மட்டும்தான் தெரியும்.

ஆணுக்கு இன்னொரு தலையிடியும் உண்டு. குளுற்றதயோனை நஞ்சோடு இணைக்கும் நொதியங்களில் ஜிஎஸ்ரி-பை என்ற ஒன்று ஆண் சுண்டெலி ஈரலில் பெண்ணைவிட மிக அதிகம். பாதுகாக்கும் நொதியம் கூட இருப்பது நல்லதுதானே? 2000இல் அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்குப் பரசிட்டமோல் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் ஈரல் குறைவாகவே பழுதானது. காவலாளி இல்லாத வீட்டில் களவு குறைந்தது போலத்தான் முதலில் எனக்கும் பட்டது. ஆனால் அந்த எலிகளிலும் குளுற்றதயோன் வேகமாகத் திரும்பி ஏறியிருந்தது. இரண்டு ஆய்வும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் மேலே வளர்ச்சி ஓமோன் இருக்கிறது. ஆண் எலியில் அது விட்டு விட்டுப் பாய்ச்சலாகச் சுரக்கும், பெண்ணில் ஏறக்குறைய இடைவிடாமல் சுரக்கும். இந்தத் தாளத்தை ஈரல் கேட்டுக்கொண்டேயிருந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்களை ஆணுக்கு ஒருவிதமாகவும் பெண்ணுக்கு ஒருவிதமாகவும் இயக்குகிறது. ஈஸ்திரசனை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது பாதிக் கதை.

தோழிக்கு அவளுடைய இடத்தில் தொடக்கத்திலேயே ஓர் எதிர்ப்பு வந்ததாம். பெண் எலிகளுக்கு நாலைந்து நாளுக்கொருமுறை ஓமோன் சுழற்சி, எண்கள் சிதறிப்போகும், ஆண்களோடு நிறுத்து என்று. இந்தச் சாக்குப்போக்கை நானும் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். 2014இல் 293 ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், சுழற்சியைக் கணக்கிலெடுக்காமலே பெண் சுண்டெலிகளின் எண்கள் ஆண்களுடையதைவிடக் கூடுதலாகச் சிதறவில்லை என்று கண்டார்கள். அதே வருடம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், விலங்கு ஆய்வில் இரு பாலும் கணக்கில் வரவேண்டும் என்று அறிவித்து, 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆணை மட்டும் பார்த்திருந்தால் அவளுக்கு நல்ல ஒழுங்கான எண்கள் கிடைத்திருக்கும், கேள்வி மட்டும் கிடைத்திருக்காது.

எலியிலிருந்து மனிதருக்குத் தாவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பரசிட்டமோல் மிகையால் ஈரல் செயலிழந்து வருபவர்களில் பெண்களே கூடுதல். யார் எவ்வளவு, எந்த நிலையில் விழுங்கினார்கள் என்பதெல்லாம் அங்கே கலந்திருக்கிறது. ஆகவே "பெண்ணுக்குப் பயமில்லை" என்று என் வழுக்கியைப் பார்த்து யாரும் சொல்லிவிடவேண்டாம். மிகையாகப் போய்விட்டால் ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மாற்று மருந்தான அசிற்றைல்சிஸ்டீன் குளுற்றதயோனை நிரப்பித்தான் காப்பாற்றுகிறது, முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். சத்தி நின்று ஆள் தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

இந்த வேலை நடப்பது தெரிந்ததும், செங்கமாரிக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்து வளர்ந்த ஊராச்சே, எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். இங்கே வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற தம்பி ஒருவனும் வந்து, கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் இதே முறையில் சோதிக்கலாமா என்று கேட்டான். சோதிக்கலாம். ஆனால் மூலிகையை முதலிலேயே கொடுத்துவிட்டுப் பிறகு பரசிட்டமோல் கொடுத்தால், மூலிகையில் உள்ள ஏதோவொன்று சிப்-2ஈ1ஐத் தடுத்து, நஞ்சு உண்டாகவே விடாமல் செய்திருக்கலாம். ஈரல் தப்பும், மூலிகை ஈரலைக் காத்தது என்று எழுதுவோம், உண்மையில் அது மருந்தின் மாற்றத்தைத்தான் நிறுத்தியிருக்கும். சாற்றைக் கரைக்கப் பயன்படும் டீஎம்எஸ்ஓ என்ற கரைப்பானே இந்த வேலையைச் செய்யும், மூலிகையே தேவையில்லை. கரைப்பான் மட்டும் கொடுத்த எலிக் கூட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும், இரு பாலிலும் வேண்டும், மூலிகையைப் பின்னால் கொடுத்தும் பார்க்கவேண்டும் என்றேன். எலிகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது என்ர பட்டத்துக்குள்ள முடியாது" என்றான். அதுவும் நியாயம்தான்.

தோழி அடுத்ததாக 2 மணி நேர, 6 மணி நேரக் கட்டிகளை அனுப்பப்போகிறாள், கூடவே குளுற்றதயோன் அளக்க உறையவைத்த துண்டுகளையும் ஒதுக்கி வைத்திருக்கிறாளாம். 2 மணி நேர வழுக்கியில் ஹெமற்றொக்சிலினும் இயோசினும் அதிகமாக ஒன்றும் காட்டப்போவதில்லை. இருந்தாலும் ஆணும் பெண்ணும் அந்த நேரத்தில் ஒரேமாதிரித் தெரிகிறார்களா என்று பார்க்க எனக்கு ஆசை. உறைந்த துண்டுகளை இங்கே அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், எங்கள் மின்வெட்டை நம்பி அவற்றை வாங்கிவைக்க முடியாது. கட்டிகள் வரட்டும். அதற்குள் பிளேட் ஒரு பெட்டி சொல்லவேண்டும், ஐயாவிடம் இன்னொரு சுருளும் வாங்கிவைக்கவேண்டும்.